எண்ணூற்றி நாற்பது

சாயப்பட்டறையை மூடி ஏழு வருசம்.
வின்ச் மெசின்களைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.
மிச்சம் நான்,
உப்பளக்கும் இந்தச் சின்ன மீட்டர்,
சிமெண்டுத் தரையில்
எத்தனை தேய்த்தும் போகாத ஒரு நீலம்.

அந்த நீலத்தின் மேல்தான் இப்போது
நாலடுக்கு வெள்ளைக் குழாய்.
குழாயில் ஓட்டை, ஓட்டையில் கிண்ணம்,
கிண்ணத்தில் தென்னைநார்த் தூள் ஒரு சிட்டிகை.
மண் கிடையாது.
சூரியனுக்கு மாதம் நாலாயிரம்
கரண்ட் பில் கட்டுகிறேன்.

காலையில் முதல் வேலை
மீட்டரைத் தொட்டியில் முக்குவது.
ஒரு காலத்தில் இது
ஆறாயிரத்துக்கு மேல் காட்டும்.
இரண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே என்று
நோட்டில் எழுதியவன் நான்.
எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.
ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கினேன்.
ராத்திரி மதகு திறக்கும் சத்தம்
இரண்டு தெரு தள்ளிப் படுத்திருந்தாலும் கேட்கும்.

இப்போது எண்ணூற்றி நாற்பது.
எண்ணூற்றி நாற்பது என்றே எழுதுகிறேன்.
வாங்கிப் பார்க்க யாருமில்லை.
நோட்டும் என் காசு.

லாரித் தண்ணீர்தான்.
போர்த்தண்ணீர் ஆகாது, முக்கிப் பார்த்தேன்:
மூவாயிரத்து இருநூறு.
அதற்குள் நாங்கள் இன்னும் இருக்கிறோம்.

வீரபாண்டிப் பிரிவில்
மெடிக்கல் கடையை ஒட்டி ஓர் இரும்பு அலமாரி.
'வேணுங்கறத எடுத்துக்கோங்' என்று
சென்னியப்பன் பெயிண்டில் எழுதியது.
கீழே ஒடியாவில் யாரோ எழுதியிருக்கிறார்கள்,
அதுவும் அதேதான் என்று நம்புகிறோம்.
அரிசி வரும், பருப்பு வரும்,
யாராவது பாமாயில் பாக்கெட் வைத்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் போவார்கள்.
பச்சையாக ஒன்றும் வராது.

முதல் அறுப்பு லெட்டூஸ், நாற்பது கட்டு.
"ஏனுங், இது கொழம்புல கரையுமுங்களா?"
என்றார் ஓவர்லாக் டெய்லர் ஒருத்தர்.
தெரியவில்லை என்றேன்.
பிரிவில் திரியும் மாடு மட்டும்
வேணுங்கறத எடுத்துக்கொண்டது.

செக்கிங் செக்சன் சஞ்சுக்தாதான் கேட்டாள்,
"கல்மி இல்லையா?"
அவள் ஊர்க் குளத்தில் விதைக்காமல் வருமாம்.
தண்ணீரில் வளர்க்கிற ஆள்
தண்ணீரில் வளர்வதை ஏன் வளர்க்கவில்லை?
பதில் சொல்ல முடியவில்லை.
மறுநாள் ஈரமான பனியன் வேஸ்டில் சுற்றி
வள்ளைக் கீரைத் தண்டு ஏழு கொண்டுவந்தாள்.
அவள் அறையில்
பெயிண்ட் டப்பாவில் வளர்ந்தவை.

மூன்றாம் நாள் வேர்.
இருபதாம் நாள் வேர் குழாயை அடைத்து
மோட்டார் காற்றைக் குடித்துப் புகைந்தது.
வாரன்ட்டி முடிந்து நாலு நாள்.
ராத்திரி மூன்று மணிவரை
நானும் சென்னியப்பனும் மக்கில் மொண்டு ஊற்றினோம்.
அவர் பேசவே இல்லை.
கடைசியில், "அடங்காத கீரையப்பா" என்றார்.

இப்போது அலமாரியில் வைத்துவிட்டு
டீ சொல்லித் திரும்புவதற்குள் காலி.
லெட்டூஸை விட்டுவிட்டேன்.

நேற்று நைட் சிப்ட் முடிந்த ஒரு பையன்
கட்டை மோந்து பார்த்தான்.
"கழுவணுங்களா?"

மண் படாதது, மருந்து படாதது,
எண்ணூற்றி நாற்பது.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.

"நல்லாக் கழுவிக்கோ கண்ணு,
ரெண்டு தண்ணி."