ஆள் நடமாட்டம்

மேல வெளி வீதிக் கடையில்
ஹாரூன் கேட்ட முதல் கேள்வி:
"யாருக்குப் பயந்துக்கா கேமரா?"

சொல்லத் தெரியவில்லை.
போன மாதம் ஸ்கூட்டியில் பெட்ரோலை உறிஞ்சினார்கள்.
அதற்கு முந்தின வாரம்
பக்கத்து வீட்டு லூர்து டீச்சரின் சங்கிலி.
எங்களுக்குப் பின்னால் வீடே கிடையாது,
சீமைக்கருவேலம், அப்புறம் யானைமலை.
மலையைக் கண்டு பயமென்றால் சிரிப்பான்.
"எல்லாத்துக்கும்" என்றேன்.
விலை ஆயிரம் ரூபாய் ஏறியது.

பெட்டிகளை அடுக்கினான்.
இது வெயிலில் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.
இது வயர் கேட்கும், கரண்ட் போனால் கண்மூடிவிடும்.
இதில் ராத்திரியெல்லாம் கறுப்பு வெள்ளை,
இதில் விளக்கு எரிந்து நிறம் தெரியும்.
"திருடன் போட்ட சட்டை பச்சையா நீலமான்னு
ஸ்டேஷன்ல கேப்பாய்ங்கக்கா."
இது நாய்க்கும் எரியும்.
இது ஆளுக்கு மட்டும்.

"ஆள்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?"
"சூடுதான்க்கா. உடம்புச் சூடு நகந்தாத் தெரிஞ்சுக்கும்."

பெரியாஸ்பத்திரி தீவிர சிகிச்சை வார்டில்
பதினாறு வருஷமாக நான் பார்க்கிற வேலையும் அதுதான்.
சூடு இருக்கிறதா, நகர்கிறதா.
வாங்கிவிட்டேன்.

சோனைமுத்து ஏணியோடு வந்தார்.
பத்தடிக்குக் கீழே வைத்தால் கேமராவையே கழற்றிப் போவார்கள்,
மேலே வைத்தால் வருகிறவர்கள் எல்லோரும் உச்சந்தலைதான்.
கிழக்கே பார்த்தால் காலை வெயில் கண்ணைக் கெடுக்கும்.
மேற்கே டீச்சரின் படுக்கையறை ஜன்னல்.
"ஏற்கெனவே தூக்கமில்ல, இதுல வெளிச்சம் வேறயா"
என்றார் டீச்சர், வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு.
இரண்டு விரற்கடை தெற்கே தள்ளித்
திருகை முடுக்கினார் சோனைமுத்து.

முதல் வாரம் பிடிபட்டவர்கள்:
கொய்யாக் கிளை.
விளக்குக்கு வந்த ஈசல்.
ஈசலுக்கு வந்த பல்லி.
உடம்பில் சூடே இல்லாத அதையும்
ஆள் நடமாட்டம் என்று அறிவித்தது
என் போனுக்கும்
மஸ்கட்டில் அவர் போனுக்கும்.
அப்புறம், தினமும் பத்து மணிக்கு, நான்.

எட்டாம் நாள் கேட்டார்.
"ராத்திரி வாசல்ல நின்னு என்ன பண்ற?"
"சாவி தேடுனேன்."
"சாவி கையில இருந்துச்சு."
அவ்வளவு நல்ல விளக்கு.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன்.
தோளில் பை, கையில் சாவி,
பூட்டுக்கு முன்னால் ஒருத்தி நிற்கிறாள்.
பதினொன்றாம் படுக்கைப் பையனின் அப்பா
கேட்டதற்கு அங்கே சொல்லாத பதிலைக்
கதவிடம் சொல்லப் போகிறவள் மாதிரி.
முப்பது நொடி அசையவில்லை.
ஆளில்லை என்று முடிவுசெய்து
விளக்கு அணைகிறது.

அன்றைக்கும் அணைந்தது.
கையை ஒருமுறை ஆட்டினேன், எரிந்தது.
நின்றேன், அணைந்தது.
மறுபடி ஆட்டினேன்,
மாட்டுத்தாவணியில் கடைசி பஸ்ஸை
நிறுத்தப் பார்க்கிறவள் போல.
அங்கே எட்டரை மணி.
தட்டில் கையை வைத்தபடி
அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.
அங்கிருந்தபடியே பேசுகிற வசதியும் இதில் உண்டு,
அதற்கென்று தனியாக முந்நூறு கொடுத்திருந்தேன்.
பேசவில்லை.

மறுநாள் மேலூர் ரோடு முழுக்க மழை.
நனைந்தபடி வந்து நின்றேன்.
மனசுக்குள் முப்பது எண்ணினேன்.
முப்பத்தொன்று.
நாற்பது.
கொய்யா இலை ஒவ்வொன்றும் பச்சையாகத் தெரிந்தது.
தொண்ணூறில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உள்ளே போய்த் தலையைத் துவட்டிக்கொண்டே
போனில் அமைப்புகளைத் திறந்தேன்.
விளக்கு எரியும் நேரம்: ஐந்து நிமிடம்.

நான் மாற்றவில்லை.