வடகரைக் கச்சேரி

அமுல்தார் ஓடிப்போன கார்த்திகையில்
பூட்டை உடைத்துத்தான் உள்ளே வந்தோம்.
சாவி எங்கே என்று இன்றுவரை தெரியாது.
ராத்திரி கதவுக்கு உரலை முட்டுக் கொடுக்கிறோம்.

முத்திரையும் பழசுதான்.
புதிதாய் வெட்டத் தட்டான் வெள்ளி கேட்டான்,
இருந்த வெள்ளி வெடிமருந்துக் கடனுக்குப் போயிற்று.
நடுவிலிருந்த பாரசீக எழுத்தை அரத்தால் ராவினோம்.
அரக்கில் இப்போது வெறும் வட்டம் விழுகிறது.
அம்பாசமுத்திரம் அதற்கு மொட்டை என்று பேர் வைத்துவிட்டது.
மொட்டை வந்தால் வரி வந்தது என்று அர்த்தம்.

ராயசம் வெங்கோஜி மட்டும் ஓடவில்லை.
எனக்குத் தூக்கு எழுதிய எழுத்தாணி
அவர் காதோரம் அப்படியே இருக்கிறது.
"சமூகத்துக்கு" என்று ஓலையைத் தொடங்கினார்.
"எந்தச் சமூகத்துக்கு வே?" என்றேன்.
"இப்ப உமக்குத்தான், அண்ணாச்சி" என்றார்
தலையை நிமிர்த்தாமல்.

முதல் மனு, கால்வாய்க்கரை உடைப்பு.
மூன்று பிசானத்துக்கு முன்னால்
அதை உடைத்தவர்கள் நாங்கள்,
அமுல்தார் வயல் காயட்டும் என்று.
தண்ணீருக்கு ஆள் தெரியவில்லை.
கடைமடை முழுக்கக் காய்ந்தது.

பிரமாச்சி அழவில்லை, கும்பிடவுமில்லை.
மடியிலிருந்து பனைநார் ஒன்றை எடுத்துப் போட்டாள்.
பதினோரு முடிச்சு.
ராத்திரி வந்து நாங்கள் தூக்கிப்போன
பதினோரு கோட்டை நெல்.
"நாடு கெடைச்சதும் தாரோம்னு சொன்னது நீருதான்.
கெடைச்சிட்டுல்லா?"
"பாதி நாடுதான் தாயி" என்றேன்.
"அப்போ அஞ்சரைக் கோட்டை அளந்து விடும்."
வெங்கோஜி இருமுவதுபோல் சிரித்தார்.

மற்றப் பாதி ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
கல்லிடைக்குறிச்சியில் பட்டமுத்து உட்கார்ந்திருக்கிறான்.
மலையில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்பளி.
குளிர்காய்ச்சல்கூட முறை வைத்துத்தான் வந்தது.
உப்பைப் பற்றி அங்கே எவ்வளவோ பேசியிருக்கிறோம்,
கச்சேரியில் யார் உட்காருவது என்று
ஒரு நாளும் பேசவில்லை.
இப்போது ஆற்றின் நடுவே அவன் ஆள் ஒருவன்
மூங்கில் நட்டு வைத்திருக்கிறான்.
வெள்ளம் வந்தால் மூங்கில் போகும்.
மறுநாள் நாலு முழம் எங்கள் பக்கம் தள்ளி
இன்னொன்று நிற்கும்.
நாங்களும் சும்மா இல்லை.
அக்கரைக்குப் போகும் நெல்லுக்குச் சுங்கம் போட்டோம்.

அந்தச் சுங்கத்தில்தான்
ஓடக்கார மாசானத்தைப் பிடித்து வந்தார்கள்.
மூன்று வருஷம் அமாவாசைக்கு அமாவாசை
எங்களைச் சத்தமில்லாமல் அக்கரை சேர்த்தவர்.
கூலி கேட்டதில்லை, நாங்களும் கொடுத்ததில்லை.
"எப்பவும்போலத்தான் துடுப்பு போட்டேன்.
எப்பம் குத்தமாச்சுன்னு ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாம்லா."
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
வெளியே சுங்கக்காரர்கள் படிக்கு நிற்கும் சத்தம்.
"உள்ளே வை" என்றேன்.

அது நான் இருந்த அறை.
மேற்குச் சுவரில், அடியிலிருந்து மூன்றாம் வரி,
விளக்குக் கொக்கியால் நாற்பது நாள் சுரண்டியது.
தப்பிப்போன ராத்திரி
தோள் தோல் முழுக்க அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டது.
அமுல்தார் அடைக்கச் சொல்லி ஓலை எழுதியிருக்கிறார்,
கட்டில் கிடக்கிறது. அதற்குள் அவர் ஆட்சி முடிந்தது.
சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டதோடு சரி.

கொத்தன் வேலாண்டி அந்த ஓலையோடு வந்து நின்றான்.
"பழைய உத்தரவுதான். அடைச்சிரட்டுமா?"
சாக்கை விலக்கிக் குனிந்து பார்த்தேன்.
ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது.
என் தோள் இப்போது அதில் நுழையாது.
கச்சேரிச் சோறு.
மாசானம் மூலையில் குந்தியிருந்தார்,
துடுப்பு இல்லாத கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"சுண்ணாம்பு ஊறட்டும்" என்றேன்.
"ஊறி மூணு நாளாச்சே."
"இன்னும் ஊறட்டும்வே."

வெங்கோஜி திரியைத் தூண்டிவிட்டு
மொட்டையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.
"அரக்கு ஆறுது, அண்ணாச்சி.
என்னன்னு எழுத?"