திக்கு

எப்போதும் மூன்றாவது வளைவில்தான் சாகிறேன்.
கார் மோதிய பிறகுதான்
சுவர் திரைக்கு வந்து சேர்கிறது.
நொடிக்கு நூற்று நாற்பது பிரேம் என்று
விற்றவன் சத்தியம் செய்தான்.
எனக்கு வாய்ப்பது முப்பத்தொன்று,
அதுவும் திக்கித் திக்கி.

லியெபாயா துறைமுகத்தில்
கோதுமை உறிஞ்சும் குழாய்க்கு இரவெல்லாம் காவலிருந்து
காலை ஏழுக்கு வீடு திரும்புகிறவன் நான்.
கடற்காற்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்குகிறது.
தூங்கவேண்டும்.
கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தூசி.
மின்விசிறிக்குள் கம்பளிபோல ஒரு படலம்,
பாதி பூனையுடையது.
ஊதினேன், தும்மினேன்.
பிராசஸர்மேல் காய்ந்திருந்த பசையை
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
புதுப் பசை ஒரு பட்டாணி அளவு.
சூடு இறங்கியது. திக்கல் இறங்கவில்லை.
டிரைவரை நீக்கினேன், மறுபடி ஏற்றினேன்,
வைரஸ் காவலனைத் தூங்கவைத்தேன்,
மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாமென்று சொல்லிப்பார்த்தேன்.
மூன்றாவது வளைவு.
சுவர்.

இரவல் தந்த ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு
மாடியிலிருந்து இறங்கிவந்த குண்டேகா
வாசலில் நின்றபடியே, "புதுசு வாங்கேன்" என்றாள்.
அறிவுரை இலவசம்.

டாஸ்க் மேனேஜர்.
எட்டு கோர்களும் நூறு விழுக்காட்டில் மூச்சுவாங்குகின்றன.
கிராபிக்ஸ் கார்டு
பந்தியில் உட்காரவைத்துப் பரிமாற மறந்த விருந்தாளி.
யார் தின்கிறார்கள் என்று வரிசைப்படுத்தினேன்.
உச்சியில் விளையாட்டு இல்லை.
லம்பிஞா என்றொரு பெயர்.
எங்கள் மொழியில் சின்ன விளக்கு.

மோட்ரிஸ் எழுதியது.
மைக்கில் அவன்
பி-பி-பிரேக் என்று முடிப்பதற்குள்
நாங்கள் மோதியிருப்போம்.
புதிதாக அணிக்கு வருகிறவர்கள்
உன் இணையம் சரியில்லை என்பார்கள்.
ஆமாம், சரியில்லை என்று
தட்டச்சு செய்துவிட்டு அமைதியாகிவிடுவான்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை அனுப்பிவைத்தான்:
வென்ட்ஸ்பில்ஸில் அவன் ஒரு விசையைத் தொட்டால்
இங்கே என் கீபோர்டில் நிறம் மாறும்.
சிவப்பென்றால் பிரேக்.
பச்சையென்றால் போ.
நீலமென்றால், இருக்கிறேன்.
அந்தக் கோடை முழுக்க மூன்றாவது வளைவில்
நான் ஒருமுறைகூடச் சாகவில்லை.

அக்டோபரில் கப்பல் எலக்ட்ரீஷியனாகப் புறப்பட்டான்.
போகும்போது வீட்டின் மெயினை அணைத்திருப்பான்,
அந்த விஷயத்தில் கவனமானவன்.
இரண்டு செய்தி அனுப்பினேன்,
ஒன்றுக்குக் கட்டைவிரல் வந்தது.
எந்தத் திக்கில், எந்தத் தண்ணீரில் இருக்கிறானோ.

அன்றிலிருந்து
என் மேசைக்கடியில் இந்தச் சின்ன விளக்கு
இருண்ட வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.
இருக்கிறாயா
இருக்கிறாயா இருக்கிறாயா
பதில் இல்லையென்றால் உடனே மறுபடி.
ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு புதுக் கை முளைக்க,
தட்டிய கைகள் எதுவும் கீழே இறங்கவில்லை.
நானோ பூனையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முடி என்ற பொத்தானை அழுத்தினேன்.
நூற்று நாற்பத்திரண்டு.
சுவர் தொலைவிலேயே சுவராகத் தெரிந்தது.
வளைந்தேன். வெண்ணெயில் கத்தி.
இரண்டு சுற்று ஓட்டினேன்.
கீபோர்டு கரியாக இருந்தது.
மூன்றாவது சுற்றில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது.
கோப்பைத் திறந்து
புரியாத வரிகளை ஏற இறங்கப் பார்த்தபோது
நடுவில் அவன் தனக்கே எழுதிவைத்த குறிப்பு:
இங்கே ஓர் இடைவெளி வேண்டும், பிறகு பார்க்கலாம்.

அதை நான் பார்த்தேன்.
ஒரு வரிதான்; ஒரு மணி நேரம் பிடித்தது.
தட்டு.
பதில் இல்லையா, கையை இறக்கு.
அரை மணி சும்மா இரு.
பிறகு தட்டு.

மறுபடி ஓடவிட்டேன். பூஜ்யம் விழுக்காடு.
மேலே குண்டேகா நாற்காலியை இழுக்கிறாள்.
தகட்டை மூடப் பார்க்கிறேன், ஒரு திருகு குறைகிறது.
பூனை ஜன்னலோரம் எதையோ உருட்டிக்கொண்டிருக்கிறது.