கொக்கி இல்லாத கூரை

பதினாறு வருடமாய் இந்த அறையில்
நான் அதிகம் சொன்ன சொல்
'நடுங்காதீங்க.'
கொடைக்கானல் குளிரில் சட்டை கழற்றியவர் உதறினால்
இசிஜி தாளில் கோடு ரம்பப் பல்லாகும்.
கிளிப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி
ஒவ்வொன்றாக மாட்டுவேன்.

இந்த மே மாதம்
ரப்பர் குமிழ் மார்பில் நிற்கவில்லை.
வியர்வையில் வழுக்கி விழுகிறது,
பஞ்சால் துடைத்தால் மறுபடி ஊறுகிறது.
அண்ணாந்து பார்க்கிறார் சவரியப்பன்.
கூரையில் மின்விசிறிக்குக் கொக்கியே கிடையாது.
கட்டியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம், சுங்கச்சாவடியில்
ரசீது கிழிக்கிறவர். வயது ஐம்பத்தொன்று.
"மூக்குப்பொடிகூடப் போட்டதில்லம்மா."
ஆனால் கைக்குட்டையை விரித்துக் காட்டினார்:
கரிச்சட்டி துடைத்த துணி.

சனிக்கிழமை. வண்டிகளின் வால்
பெருமாள்மலை வரைக்கும்.
கண்ணாடி இறங்கும்போதெல்லாம்
ஏசிக் காற்று அவர் மணிக்கட்டு வரை வந்து
திரும்பிப் போய்விடும்.
முகத்துக்கு, முன்னால் நகர்ந்த வேனின் புகை.
"கை மட்டும் கொடைக்கானல்,
மிச்ச உடம்பு வத்தலக்குண்டு"
என்று சிரித்தவர்
சிரிப்பை நடுவில் விட்டு
இடது தாடையைப் பிடித்துக்கொண்டார்.
பல்வலி என்று மூன்று நாளாய்
கிராம்பு கடித்திருக்கிறார்.

நோயைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
தாள் வெளியே வர வரத் தெரிந்துவிட்டது,
இறங்கிய கோடு ஏறவில்லை.
கண்ணுக்குப் படாத தூசி மூச்சோடு நிற்பதில்லை,
ரத்தத்தில் கலந்து குழாயை உரசும்.
வெயில் உடம்பின் நீரை வாங்கி
ரத்தத்தைக் கூழாக்கும்.
தோலைக் குளிர்விக்க இதயம்
இன்னொரு ஆள் வேலையும் பார்க்கும்,
சம்பளமில்லாமல்.
பயிற்சியில் இதைப் படித்தபோது
கீழே இருப்பவர்களுக்கு என்று நினைத்து
பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

தாளைக் கிழித்தேன்.
நான் ஓடும்முன் கை நீட்டி வாங்கினார்,
வரிசை எண், தேதி, முத்திரை
தேடிப் பழகிய கண்ணோடு.
"இதுல தொகை போடலையே?"

தேனிக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர்.
108 இறங்குவதற்கும் இருக்கிறது
அதே ஒரு சாலைதான்.
ஆக்சிஜன் மூடியை விரலால் தள்ளிவிட்டு
ஓட்டுநரிடம் சொன்னார்:
"சாவடியில வரிசையில நிக்காதீங்க தம்பி.
இடதுபக்கம் சங்கிலி இருக்கும்,
கழட்டிவிடச் சொல்லுங்க.
என் பேரச் சொல்லுங்க."