ஏழாம் நாள் கூலி

நரிமேட்டில் என் மாவுக் கடைக்கு
ஞாயிறுதான் திருவிழா.
வாரம் பூராவும் உப்புமாவில் ஓட்டுகிற வீடுகள்கூட
அன்றைக்கு இட்லிக்குத் தூக்குவாளியோடு வரும்.
ஆறு மணிக்கு ஷட்டரை ஏற்றினால்
பத்துக்குள் இரண்டு டிரம் காலி.

பதினொரு வருடம்
ஆராதனை மணி அடிக்கும்போதெல்லாம்
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன லெந்து நாட்களில் ஒரு விடியற்காலை
கிரைண்டர்மேல் சாய்ந்து விழுந்தேன்.
டாக்டர் ரத்த அழுத்தம் என்றார்.
போதகர் கட்டளை என்றார்.
இருவரும் எழுதிக்கொடுத்த மருந்து ஒன்றுதான்.

பலகை மாட்டினேன்: ஞாயிறு விடுமுறை.
கீழே 'கர்த்தருடைய நாள்' என்று
சிவப்பில் சேர்க்கட்டுமா என்றார் பெயின்டர்,
எழுத்துக்கு எட்டு ரூபாய்.
வேண்டாம் என்றேன்.

முதல் ஞாயிறு, மூன்றாம் பெஞ்சு.
பிரசங்கத்துக்கு நடுவே
கல் சுற்றும் சத்தம் காதில் நிற்கவே இல்லை.
நகக்கண்ணில் உளுந்து காய்ந்திருந்தது.
யார் யார் ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு
எதிர்ச்சாரிப் பாக்கெட் மாவுக்குப் போயிருப்பார்கள் என்று
ஆமென்களுக்கு இடையில் கணக்குப் போட்டேன்.
ஆனாலும் மத்தியானம்
மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டியபோது
அழுதேன் தேவனே,
இரவல் போன கால்கள் திரும்பி வந்த மாதிரி.

திங்கள் விடிய முத்துப்பேச்சி வந்தாள்.
செல்லூரிலிருந்து நடந்தே வருகிறவள்.
அரிசி களைய நீட்டிய கையில்
விரலிடுக்கு வெளுத்துத் தோல் உரிந்திருந்தது.
"என்னடி இது?"
"நேத்து தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மண்டபத்துல
எச்சிப் பாத்திரம் கழுவப் போனேங்க்கா.
நீங்க பூட்டிட்டீங்க.
எனக்கு முந்நூறு யாரு தருவா?"
கோபமில்லை.
எத்தனை படி ஊறப்போட என்று கேட்கிற அதே குரல்.

ஞாயிறு பள்ளியில் ஒப்பித்த கட்டளையை
அன்று ராத்திரி விரல்விட்டு எண்ணினேன்.
நீ. உன் மகன். உன் மகள்.
சின்னதில் இந்த இடத்தில் மூச்சு வாங்குவேன்.
அப்புறம்தான் வருகிறார்கள்
வேலைக்காரன், வேலைக்காரி,
மாடு, கழுதை,
வாசலுக்குள் தங்கியிருக்கிற அந்நியன்.
இத்தனை பேர் நிற்கிற வரிசையில்
உட்கார்ந்தவள் நான் ஒருத்தி.
மாட்டுக்கும் உண்டென்று சொன்னதை
பேச்சிக்குத் தராமல்
பெயின்ட் அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

எகிப்தில் செங்கல் அறுத்தவர்களிடம் சொல்லப்பட்டது அது.
லீவு என்றால் என்னவென்று
முதுகில் தெரிந்தவர்களிடம்.

சனிக்கிழமை
ஏழு நாளுக்கு எண்ணி வைத்தேன்.
"ஒண்ணு கூட இருக்குக்கா."
"நாளைக்கானது."
"நாளைக்கு என்ன வேலை?"
"ஒண்ணுமில்லை."
புளித்த மாவை மோந்து பார்ப்பவள்போல்
என்னைப் பார்த்தாள்.
"ஒண்ணும் செய்யாம எப்படிக்கா இருக்கறது?"
எனக்கும் தெரியவில்லை.
நாற்பத்தாறு வயதில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கென்று ஒரு சட்டி மாவு.
உப்புப் போட்டுக் கரைத்துத் தட்டால் மூடினேன்.
அதற்குமேல் கை வைக்கக் கூடாது,
வைத்தால் பொங்காது.
இருட்டில் தானாக நடக்கிற காரியம்.
கர்த்தரும் ஒரு சனிக்கிழமை முழுக்க
கல்லுக்கு உள்ளே சும்மா கிடந்தார்.
விடிந்து பார்த்தால்
தட்டு ஒரு பக்கம் சரிந்து
மாவு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை.
உளுந்து விலையை யாரும் எனக்காகக் குறைக்கவில்லை.

திங்கள்தோறும் வருகிறாள் பேச்சி.
விரலிடுக்கு ஆறிவிட்டது.
நேற்று என்ன செய்தாய் என்று
நாக்கு நுனிவரை வரும்.
கேட்பதில்லை.
கேட்டால் அந்த நாளுக்கும்
எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும் அவள்.

அரிசியை வடித்து நீட்டுகிறாள்.
வாங்கிக்கொள்கிறேன்.