ஒன்று தசம் பூச்சியம் ஆறு

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால்
வெங்காயச் சருகு ஒட்டிய மேசையில்
கொப்பியை விரித்து வைத்திருந்தேன்.
தம்புள்ள, போய் வர.
மீற்றர் சொன்னது நானூற்று எண்பத்தெட்டு.
லொறி குடித்தது எண்பத்தெட்டு லீற்றர்.
வகுத்தால் ஐந்து தசம் ஐந்து.

போன மாதம்வரை ஆறு தசம் ஒன்று ஓடிய லொறி.

இடையில் நடந்தது ஒன்றுதான்:
ரயர் மாற்றினோம்.
பழைய அளவு கடையில் இல்லை.
"இது ஒரு நம்பர் பெரிசு, பள்ளத்துக்கு நல்லது"
என்றான் கொக்குவில் கடைக்காரன்.
ஆறும் கருகருவென்று மினுங்க
புதுச் சப்பாத்துப் போட்ட பிள்ளை மாதிரிக்
கொஞ்சம் உயர்ந்து நின்றது லொறி.

ரயர் டீசல் குடிக்குமா?
எனக்குத் தெரிந்து டீசல் குடிப்பது
எஞ்சின்,
இல்லாவிட்டால் மனுசர்.

பயணத்துக்கு எட்டு லீற்றர் துண்டு விழுகிறது.
மாதம் நாலு பயணம்.
முப்பத்திரண்டை இருநூற்றெண்பதால் பெருக்கி
எட்டாயிரத்துத் தொளாயிரத்து அறுபது ரூபாயை
யேசுரத்தினத்தின் சம்பளத்தில் கழித்தேன்.

அவர் காசை எண்ணினார்.
எண்ணி முடித்தும் கையை மடக்கவில்லை.
"அக்கா, கல்லை எண்ணிப் பாருங்கோ" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அந்த இரவு முழுக்க அந்தச் சொல்
பல்லிடுக்கில் மீன்முள்ளாகக் கிடந்தது.

அடுத்த பயணத்துக்கு முன் சீற்றில் நானும் ஏறினேன்.
ஆனையிறவில் இன்னும் விடியவில்லை.
கண்ணாடி இடுக்கால் உப்புக் காற்று.
லைற் வெளிச்சத்தில் வெள்ளையாய் எழும்பி
எழும்பி மறைந்தன கிலோமீற்றர்க் கற்கள்.
ஒரு கல்லில் மீற்றரை எழுதினேன்.
பத்துக் கல் தள்ளி மறுபடி எழுதினேன்.
மீற்றரில் ஏறியிருந்தது ஒன்பது தசம் நாலு.

கல்லுக்கு என்னிடம் சம்பளப் பாக்கி இல்லை.
அது ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பரந்தனில் தேத்தண்ணிக் கடையடியில்
ரயரில் ஒரு சோக்குக் கோடு, தார் றோட்டில் ஒன்று.
அவர் மெல்ல உருட்ட, நான் குனிந்தபடி கூடவே நடந்தேன்.
கடைக்காரர் பணிஸ் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்,
என்ன தொலைந்தது என்று கேட்டார்.
கோடு திரும்ப நிலத்தைத் தொட்டபோது
இரண்டு மீற்றர் அறுபது.
வீட்டில் வாழைக்கன்றைச் சுற்றிக் கிடந்த பழைய ரயரைத்
திரும்பி வந்த அன்றே முற்றத்தில் உருட்டினேன்.
இரண்டு நாற்பத்தைந்து.

ஒரு சுற்றுக்கு அரை அடி.
மீற்றர் சுற்றை மட்டும்தான் எண்ணும்,
சில்லு வளர்ந்தது அதற்குத் தெரியாது.
தம்புள்ள போய் வர இரண்டு லட்சம் சுற்று.
அரை அடி அரை அடியாக முப்பது கிலோமீற்றர்
அந்த மனுசர் ஒவ்வொரு முறையும் ஓடியிருக்கிறார்,
நான் எழுதாத றோட்டில்.

ஐந்நூற்றுப் பதினெட்டை எண்பத்தெட்டால் வகுத்தேன்.
ஐந்து தசம் ஒன்பதுக்குக் கிட்ட.
இன்னும் மூன்று லீற்றர் இடிக்கிறது.
ரயரின் பாரம், எதிர்க்காற்று, ஏற்றிய மூட்டை:
காரணம் இருக்கிறது, இலக்கம் இல்லை.
அதை அப்படியே விட்டேன்.

காசை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன்.
மன்னிப்பு என்ற சொல்லைத் தொண்டைவரை கொண்டு வந்து
"கணக்குப் பிழைச்சுப் போச்சு" என்றேன்.
அவர் எண்ணினார். ஐந்நூற்று அறுபதைப் பிரித்து
மேசையில் வைத்தார்.
"மாங்குளத்தில ஒரு இரவு நுளம்பு தாங்கேலாமல்
ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தனான் அக்கா.
ரெண்டு லீற்றர் போயிருக்கும்."

நான் அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கம் தள்ளினார்.
இப்போதும் அது படிக்கல்லுக்குக் கீழே கிடக்கிறது.

கொப்பியில் புதிதாக ஒரு நிரல் போட்டிருக்கிறேன்,
தலைப்பு 1.06.
முள்ளு அறுபதில் நிற்க
லொறி அறுபத்துநாலில் போகிறதாம்.
வவுனியாப் பொலிசுக்குச் சோக்குக் கோட்டை விளக்க
எனக்குத் தைரியம் இல்லை.
"ஐம்பத்தாறைத் தாண்டாதேங்கோ" என்று
சொல்லி அனுப்பினேன் இன்றைக்கு.