பதினொரு நிமிடம்

ஒரே காரில் போகலாம் என்றது லுதோவிக்தான்.
இரண்டு வண்டி என்றால் இரண்டு கட்டணம்,
பிரிவதற்கு அவ்வளவு செலவு எதற்கு என்றான்.
நியாயம்தான்.
இருபத்து மூன்று வருடத்தில்
நாங்கள் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டவற்றில்
இது நான்காவதோ ஐந்தாவதோ.

அங்கூலேம் ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
கீழே ஆறு, மேலே மதில்,
நடுவே ஒருவழிப் பாதைகள்:
வேண்டாத விருந்தாளியை ஒவ்வோர் அறையாகச் சுற்றிக்காட்டி
வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும் வீடு மாதிரி.
நோட்டரி அலுவலகம் உச்சியில்.
பத்தரை மணிக்குக் கையெழுத்து.

ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறலாம் என்றேன்.
பேருந்தில் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார வேண்டிவரும்
என்று அவன் சொல்லவில்லை;
தாமதமாகும் என்றான்.
நிலத்தடி நிறுத்தத்தின் வாயில் சிவப்பு எழுத்து: இடமில்லை.
இருந்தாலும் இறங்கியிருக்க மாட்டான்,
கட்டணப் பலகையைப் படித்து
ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு என்று முணுமுணுத்தாகிவிட்டது.
ரயில் நிலையத்தின் பின்னால் இலவசம் என்று
அவன் தங்கை கணவன் சொன்ன மைதானத்தில்
கிரேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது.
நீலக்கோட்டுத் தெருவில் அட்டைக் கடிகாரம் வைக்க வேண்டும்;
அட்டை அவனுடைய வேனில்,
வேன் ரூஃபெக்கில்.

இந்த ஊர்ச் சுவர்களில் சித்திரக்கதைகள்.
ஜன்னலில் சாய்ந்தபடி வரையப்பட்ட ஓர் ஆளை
மூன்றாம் முறை கடந்தபோது
"இவன் மாதக் கட்டணத்தில் நிற்கிறான்" என்றான்.
சிரிப்பைக் கிளட்சோடு சேர்த்து மிதித்தேன்.

பிறகு ஒரு பெண்
காரின் பின்கதவைத் திறந்து நாயைக் கூப்பிட்டாள்.
இண்டிகேட்டரைப் போட்டுக் காத்திருந்தோம்.
நாய் ஏற மறுத்தது.
கண்ணாடிக்குள்ளிருந்து இருவரும் ஒரே குரலில்
அந்த நாயைக் கெஞ்சினோம்.

அவன் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டினான்.
இன்னும். இன்னும். போதும்.
பின்னோக்கிப் போகையில் மட்டும்
நான் நம்பி வந்த கை.
இயந்திரத்தில் வண்டி எண்ணை அவனே அடித்தான், பார்க்காமல்.
பன்னிரண்டு வரை காசு.
பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை
ஊரே சாப்பிடப் போகிறது, இயந்திரம் உட்பட.

எங்கள் வீடு பதினான்கு பக்கம் இருந்தது.
ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும்
அவன் முதலெழுத்து, என் முதலெழுத்து.
பேனா நோட்டரியுடையது.

வெளியே வந்தபோது பன்னிரண்டாகப் பத்து நிமிடம்.
"இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கிறதே" என்றான்.
சும்மா கிடைப்பதை அவன் விட்டதில்லை.
சந்தைக்கு எதிரே அன்றைய சாப்பாடு,
வாத்துக்கால், உருளைக்கிழங்கு, கால் லிட்டர் சிவப்பு வைன்.
சமையலறைக் குழாய் ஒழுகுவதை
வாங்குபவர்களிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்று பேசினோம்.
காபி வந்தபிறகு
அந்த நாய் நான்கு காலையும் ஊன்றி நின்றதை
நாற்காலியில் இருந்தபடியே நடித்துக் காட்டினான்.
அப்போதுதான் சிரித்தேன்,
காலையில் மிதித்து வைத்ததையும் சேர்த்து.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பார்த்ததைச் சொல்லவில்லை.

காரில் சீட்டு எதுவும் இல்லை.
இப்போது யாரும் செருகுவதில்லை;
கூரையில் கேமரா வைத்த வண்டி ஒன்று
மெல்ல ஊர்ந்து எண்களைப் படித்துக்கொண்டு போகிறது.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது.
பார்த்த நேரம்: இரண்டு மணி பதினொரு நிமிடம்.
மேலே எங்கள் இருவர் பெயரும்.
கார் இன்னும் இருவர் பெயரில்தான் இருக்கிறது,
அந்தப் பதினான்கு பக்கத்தில்
எங்கும் அதை எழுத மறந்திருக்கிறோம்.
சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி உண்டாம்.
சொன்னால் பாதியை அன்றே அனுப்பிவிடுவான்,
சல்லி பிசகாமல்.

சொல்லவில்லை.
குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன்.
தள்ளுபடி நாள் போனது.
கடைசி நாளன்று
முழுசாகக் கட்டினேன்.